நாற்றமில்லாத மீன்சாறு

மனித உடலின் உறுப்புகளிலேயே நிர்வாகத்தோடு முழுமையாக ஒத்துழைப்பது மூக்கு ஒன்றுதான். கண்ணை நம்ப முடியாது. மூடிக்கொள்ளச் சொன்னால் இடுக்கு வழியாகப் பார்க்கும். காது, அழைப்பில்லாத கூட்டங்களிலெல்லாம் போய்க் கலந்துகொள்ளும். வாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதைக் கவனிக்கத் தனித் துறையே இருக்கிறது. மூக்கு அப்படிப்பட்டதல்ல. எதை அதன் முன்னால் வைத்தாலும் முதலில் கொஞ்சம் முகம் சுளிக்கும். சில நாள் போனதும் "சரி, இது இப்படித்தான்" என்று ஏற்றுக்கொண்டு மூச்சு விடும் வேலையைப் பார்க்கும். இவ்வளவு பண்பட்ட ஓர் உறுப்பை முகத்தின் நட்டநடுவில், எல்லோருக்கும் முன்னுதாரணமாக வைத்த இயற்கையின் தொலைநோக்கை நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

வியப்பதற்கு எனக்கு உரிமையும் உண்டு. நான் மூய் லாம் நகர நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்பு எழுத்தர். பெயர் சாங். எங்கள் மொழியில் 'மூய்' என்றால் கடல்முனை. மூக்கையும் அதே சொல்லால்தான் சொல்வோம். ஊர் உண்மையில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த மூக்குக்கு ஒரு சோதனை வந்தது. அதிலிருந்து அது எப்படிப் புகழோடு மீண்டது என்பதை வருங்காலத்துக்குப் பதிவு செய்து வைப்பது என் கடமை.

மாகாணம் அந்த ஆண்டு 'நறுமண நகரம்' என்றொரு விருதை அறிவித்திருந்தது. எங்கள் ஊரின் கிழக்குக் கரையில் நீலமுத்து விடுதி திறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. விருது வந்தால் விடுதிக்குப் பெருமை. விடுதிக்குப் பெருமை என்றால் குழுவுக்கும் பெருமை. ஏனென்றால் குழுவினர் ஐவரும் நானும் வெள்ளிக்கிழமைதோறும் நீலமுத்துவின் சாப்பாட்டுக் கூடத்தில், ஓடையைப் பார்த்த ஜன்னலோர மேசையில் அமர்ந்து 'கள ஆய்வு' நடத்தி வந்தோம். மிகக் கடினமான ஆய்வு. சில வாரங்களில் ஏழு வகை வரை ஆய்வு செய்ய வேண்டியிருக்கும். விடுதி நிர்வாகி ஒருநாள்கூட எங்களைத் தடுத்ததில்லை.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோதுதான் விடுதியில் தங்கியவர்கள் எழுதிய நாற்பத்தொரு புகார்க் கடிதங்கள் வந்து சேர்ந்தன.

"நாப்பத்தொண்ணும் ஒரே விஷயத்தத்தான் சொல்லுது," என்றார் தலைவர் த்ரூ, கடிதக் கட்டை மேசையில் போட்டு. "நம்ம ஊரு நாறுதாம்."

"நாறுதா?" மாதர் சங்கத் தலைவி தோவா மூக்கை நன்றாக உறிஞ்சிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் வரலயே தலைவரே."

"எனக்குந்தான் வரல. ஆனா அவ்வளவு தூரத்துல இருந்து வந்தவங்க, பொய் சொல்றதுக்கா விமானம் ஏறி வருவாங்க?"

துணைத் தலைவர் கியெட் ஒரு கடிதத்தைப் பிரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார். "'சாயங்காலம் மேற்கிலிருந்து காற்று வீசும்போது, கழிவறையைத் திறந்து போட்டது போல...'"

"கழிவறையா?"

"அது மொழிபெயர்ப்புக் கோளாறு," என்றார் கியெட். "அவங்க நாட்டுல மீன்சாறே கிடையாது. தெரியாத வாசனைக்குத் தெரிஞ்ச பேர வைக்கிறாங்க, பாவம். மேற்குன்னா என்ன இருக்கு? ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் லுவாவோட மீன்சாறுத் தொட்டி. வேற என்ன?"

விடுதிக்கும், நெத்திலியை உப்பில் ஊறவைத்துச் சாறு வடிக்கும் லுவா அக்காவின் முற்றத்துக்கும் நடுவே ஓடை இருக்கிறது. அந்த ஓடைக்குள் விடுதியின் அடியிலிருந்து ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு சிமெண்ட் குழாயும் இறங்குகிறது. அதை யாரும் குறிப்பிடவில்லை. குறிப்பிடவும் வழியில்லை. நாங்கள் ஒப்புதல் அளித்த வரைபடத்தில் அது குழாய் என்று இல்லை; 'நீர் அலங்காரம்' என்று இருந்தது.

நாலே நிமிடத்தில் வாக்கெடுப்பு முடிந்தது. ஐந்துக்கு ஐந்து. ஊரின் நாற்றம் லுவா அக்காவின் ஒன்பது மரத்தொட்டிகளிலிருந்து வருகிறது என்று ஏகமனதாக நிறைவேறியது. மாகாணக் குழு இருபதாம் தேதி வருகிறது. பதினெட்டாம் தேதி காலைக்குள் தொட்டிகள் காலி செய்யப்பட வேண்டும். தவறினால் நகராட்சியே வண்டியோடு வந்து காலி செய்யும். உத்தரவைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கௌரவம் எனக்குக் கிடைத்தது.

லுவா அக்கா ஏணி மேல் நின்றிருந்தார். நாற்பத்தெட்டு வயது, தலையில் கூம்புத் தொப்பி, முழங்கை வரை உப்பு. ஆளை விட உயரமான தொட்டியின் அடிக்குழாயில் இறங்கியதை வாளியில் பிடித்து, மறுபடி அதன் தலையிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார். நெத்திலியும் உப்பும் வெயிலும் சேர்ந்து ஒரு வருடம் முழுக்கச் செய்கிற வேலைக்கு, மனிதர்கள் செய்யக்கூடிய உதவி அவ்வளவுதான்.

"என்ன சாங் தம்பி, கையில கடுதாசி? உங்க ஆபீசுல இருந்து நல்ல கடுதாசி வந்து நான் பாத்ததே இல்லயே."

"இது நல்ல கடிதந்தான் அக்கா. 'மதிப்புக்குரிய குடிமகளே'ன்னு ஆரம்பிக்குது."

"எப்படி முடியுது?"

"ஒம்போது தொட்டியையும் காலி பண்ணச் சொல்லி முடியுது."

அவர் வாளியை ஏணியிலேயே மாட்டினார். பிறகு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்.

"பதினோரு மாசம் ஆயிருக்கு தம்பி. இன்னும் ஒரே மாசம். வா, வந்து பாரு," என்று அடிக்குழாயிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் பிடித்து வெயிலில் காட்டினார். "இப்பத்தான் கரப்பான் சிறகு நிறம் வர ஆரம்பிச்சிருக்கு. இப்ப திறந்து கொட்டுனா இது சாறும் இல்ல, மீனும் இல்ல. தொட்டி காஞ்சா பலகை சுருங்கிப் போயிரும். அப்புறம் அதுல மழைத்தண்ணிகூட நிக்காது. என்னோட ஒரு வருஷம் அதுக்குள்ள கிடக்கு. இனி வரப்போற வருஷமெல்லாம் அந்தப் பலகையில கிடக்கு. புரியுதா?"

"புரியுது அக்கா. அதையெல்லாம் பரிசீலிச்சோம்னு ரெண்டாவது பத்தியில எழுதியிருக்கேன்."

"சரி, நாறுதுன்னு யாரு மோந்து பாத்தது?"

"யாரும் மோந்து பாக்கல. வாக்கெடுப்பு நடந்துச்சு."

"கைய தூக்குனா நாறுமா?"

"அஞ்சு கையும் தூக்குனாங்க அக்கா."

"அஞ்சு பேரும் ஒரே நேரத்துல கைய தூக்குனா வேற ஏதாவது நாறியிருக்கும்." ஓடைப் பக்கம் முகவாயைத் தூக்கிக் காட்டினார். "அந்தக் குழாய மோந்து பாத்தாச்சா?"

"அது குழாய் இல்ல அக்கா. நீர் அலங்காரம்."

"அலங்காரத்துல என்னமோ மிதக்குதே, அது என்ன, தோரணமா?"

நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. உத்தரவில் எனக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரம் ஓடையின் மேற்குக் கரை வரைதான். எல்லையை மீறிப் பார்ப்பது ஒழுங்கல்ல.

ஒப்புதல் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, பையைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த காலி பாட்டிலை எடுத்தேன். அக்கா பாட்டிலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"ஏன்டா, காலி பண்ணுன்னு கடுதாசியக் குடுத்த கையோட, ரொப்பிக் குடுன்னு பாட்டிலையும் நீட்டுற?"

"அது ஆபீஸ் அக்கா. இது வீடு."

சிரித்தாரா திட்டினாரா என்று தெரியாத ஒரு சத்தம் எழுப்பினார். ஆனால் போன வருடத்துச் சாற்றிலிருந்து கழுத்து வரை நிரப்பித்தான் கொடுத்தார்.

மறுநாள் காலை அலுவலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் வந்து நின்றார். கையில் சந்தைக்கடையில் வாங்கிய விதிமுறைப் புத்தகம் இருந்தது. பன்னிரண்டாம் பக்கம் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"உணவுப் பொருள் மேல குத்தம் சொன்னா, சோதிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லணும்னு போட்டிருக்கு. நீங்க அச்சடிச்ச புத்தகந்தான். நாறுதுன்னு சோதனையில வந்தா நானே என் கையால ஒம்போதையும் திறந்து விடுறேன், உங்க வண்டி வேணாம். நாறலன்னு வந்தா என் முற்றத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது."

தலைவருக்கு இது பிடிக்கவில்லை. குடிமக்கள் விதிமுறைகளை வாசிக்கும் பழக்கம் நல்லதல்ல என்பது அவருடைய நெடுநாள் கருத்து. ஆனால் விடுதி சைகோனிலிருந்து வரவழைத்திருந்த நறுமண ஆலோசகர் டாக்டர் வியென் துள்ளிக் குதித்தார்.

"சோதனை வைங்க சார்! நம்ம 'வெண்முகிலை'யும் பக்கத்துல வைப்போம். ரெண்டையும் மோந்து பாக்கட்டும். விஷயம் முடிஞ்சு போச்சு."

'வெண்முகில்' டாக்டரின் கண்டுபிடிப்பு. நாற்றமில்லாத மீன்சாறு. உப்பு நீர், சர்க்கரை, நிறம், எசன்ஸ் எல்லாம் சரியான அளவில் கலந்தது. மீன் மட்டும் அதில் இல்லை. மீன்தான் நாற்றத்துக்குக் காரணம் என்று டாக்டர் ஆராய்ந்து கண்டறிந்திருந்தார். நீலமுத்துவின் மேசைகளில் இனி அது மட்டுமே என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

டாக்டரே ஒன்பது விதிகளை எழுதினார். எவ்வளவு நேர்மையான விதிகள்! இரண்டு சாறும் 'அ', 'ஆ' என்று மட்டும் எழுதிய கிண்ணங்களில் வைக்கப்படும். எது எது என்பது ஒட்டிய உறையில் என்னிடம் இருக்கும். தீர்ப்புக்குக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திய பிறகே உறை திறக்கப்படும். நடுவர்களின் முகர்வைப் பாதிக்கும்படி யாரும் வாய் திறக்கக் கூடாது. இது ஆறாம் விதி. நடுவர்களாக விடுதி விருந்தினர்களைப் போடலாம் என்று டாக்டர் சொன்னதை மட்டும் தலைவர் ஏற்கவில்லை.

"மூய் லாம் நாத்தத்த மூய் லாம் மூக்குதான் தீர்மானிக்கணும்," என்றார். "நாங்க அஞ்சு பேரும் இங்கயே பொறந்து வளந்தவங்க. எங்க மூக்குல என்ன குறைச்சல்?"

குறைச்சல் ஒன்றும் இல்லை. நான்கு தலைமுறையாகக் காற்றோடு சேர்த்து மீன்சாற்றையும் மூச்சில் இழுத்த மூக்குகள். குளிர்ந்த கடலில் முத்துச்சிப்பிக்கு மூழ்குவதற்கு முன் ஒரு கோப்பை மீன்சாற்றை மடக்கென்று குடித்துவிட்டு இறங்கியவர்களின் பேரப் பிள்ளைகள் அவர்கள்.

பதினாறாம் தேதி காலை கூட்ட அறையில் வெள்ளை விரிப்பு விரித்து, ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டிரண்டு கிண்ணங்கள் வைத்தேன். லுவா அக்கா கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரு கைகளும் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. ஒன்பது தொட்டியும் அந்தக் கைகளுக்குள் இருந்தது போல விரல்கள் வெளுத்திருந்தன.

"முதலில் 'அ'," என்று அறிவித்தேன்.

ஐந்து மூக்குகளும் குனிந்தன. ஐந்தும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

"அய்யய்யோ," என்றார் தோவா. "என்ன இது, ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி?"

"புதுச் செருப்பு வாங்கி டப்பாவத் திறந்த மாதிரி இருக்கு," என்றார் கியெட்.

நான்காவது நடுவர், அன்னாசிப் பழத்தைச் சோப்புக் கட்டியோடு ஒரே பையில் வைத்தது போல என்றார். ஐந்தாவது நடுவர் கைக்குட்டையைத் தேடினார். தலைவர் கிண்ணத்தை விரல் நுனியால் ஒரு சாண் தூரம் தள்ளி வைத்தார்.

"குமட்டுது. இதத்தான்யா அந்த வெளிநாட்டுக்காரங்க எழுதியிருக்காங்க. அவங்களச் சந்தேகப்பட்டதுக்கு வெக்கப்படுறேன்."

டாக்டர் வியெனின் முகம் 'வெண்முகில்' போலவே வெளுத்தது. வாயைத் திறந்தார். ஆறாம் விதி ஞாபகம் வந்து மூடினார்.

"அடுத்து 'ஆ'."

குனிந்தார்கள். குனிந்தவர்கள் நிமிரவில்லை. தலைவர் கண்களை மூடியிருந்தார். கியெட் மட்டும் ஒருமுறை தலையைத் தூக்கி, "எப்ப ஊத்துவீங்க?" என்று கேட்டார்.

"ஊத்தியாச்சு சார். கிண்ணத்துல இருக்கு."

"வெறுங்கிண்ணம் மாதிரில்ல இருக்கு? ஒரு வாசனையும் இல்லயே."

"எனக்கும் ஒண்ணும் வரல," என்றார் தோவா. "காத்து மாதிரி இருக்கு. ஆனா எனக்கு ஏன் திடீர்னு பசிக்குது?"

"நாறுது!" டாக்டர் வியென் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "சார், இந்த ரூமே நாறுது! எனக்குக் கண்ணுல தண்ணி வருது! உங்க யாருக்கும் தெரியலயா?"

"டாக்டர்." தலைவரின் குரல் மிகவும் மெதுவாக இருந்தது. அவர் கோபப்படும்போது அப்படித்தான் இருக்கும். "நடுவர்கள் முகர்வைப் பாதிக்கும்படி வாயத் திறக்கக் கூடாது. ஆறாவது விதி. எழுதுனது யாரு?"

"நான்தான். ஆனா..."

"எழுதுனவரே மீறுனா எப்படி? உக்காருங்க."

டாக்டர் உட்கார்ந்தார். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார். அதுவும் விதிமீறலா என்று என்னைப் பார்த்துக் கேட்டார் கியெட். அதற்கு விதி இல்லை என்று சொன்னேன்.

பிறகு நடந்தது ஒன்பது விதிகளில் எதிலும் இல்லாதது. எங்கள் ஊரில் எத்தனை பேர் சாப்பிட உட்கார்ந்தாலும் மீன்சாறு நடுவில் ஒரே கிண்ணத்தில்தான் இருக்கும். ஆளுக்கொரு கிண்ணம் என்றால் அது படையல். தோவாவுக்குக் கை துறுதுறுத்தது. தன்னுடைய 'ஆ'வை எடுத்துத் தலைவருடைய 'ஆ'வில் ஊற்றினார். கியெட்டும் ஊற்றினார். மற்ற இருவரும் ஊற்றினார்கள். யாரோ எலுமிச்சையை நறுக்கினார்கள். ஒரு மிளகாய், அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது, வந்து விழுந்தது. எதிர்க்கடையிலிருந்து வேகவைத்த பன்றி இறைச்சியும் கீரையும் அரிசித் தாளும் சோறும் வந்தன. சோதனை மேலும் முக்கால் மணி நேரம் தொடர்ந்தது. 'ஆ' ஒரு சொட்டுக்கூட மிஞ்சவில்லை. 'அ' ஐந்து கிண்ணத்திலும் அப்படியே இருந்தது. ஓர் ஈ வந்து பார்த்துவிட்டுப் போனது.

தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பை வாசித்தார். "'ஆ' முற்றிலும் நாற்றமற்றது. நறுமண நகரத்துக்கு எல்லா வகையிலும் ஏற்றது. 'அ' பொதுச் சுகாதாரத்துக்கு ஊறு விளைவிக்கும் துர்நாற்றம் உடையது. அதைத் தயாரிக்கும் இடம் உடனடியாகக் காலி செய்யப்பட வேண்டும்." பிறகு டாக்டரைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "வெண்முகில் பிரமாதம் டாக்டர். நாத்தமே இல்லாம ஒரு மீன்சாறு! விஞ்ஞானம் எங்கயோ போயிருச்சு."

ஐந்து கையெழுத்து. வட்டமான சிவப்பு முத்திரை. மூன்று நகல். அதற்குப் பிறகு நான் உறையைப் பிரித்து வாசித்தேன்.

'அ', வெண்முகில். 'ஆ', குடிமகள் லுவாவின் மீன்சாறு.

கதவோரம் லுவா அக்காவின் கைகள் ஒன்றையொன்று விட்டன.

"உறைய மாத்தி ஒட்டிட்டியாடா?" என்று தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"டாக்டரே ஒட்டினாரு தலைவரே. டாக்டர் கையெழுத்தே இருக்கு."

"முத்திரையத் திரும்ப எடுக்க வழி இருக்கா?"

"இருக்கு. மாகாணத்துக்கு விண்ணப்பம் எழுதணும். காரணம்ங்கிற இடத்துல, நடுவர் அஞ்சு பேருக்கும் மூக்கு வேலை செய்யலன்னு போடணும்."

அந்த விண்ணப்பம் எழுதப்படவில்லை. லுவா அக்கா எழுந்து வந்து தன் நகலை வாங்கினார். எழுத்துக் கூட்டி முழுவதும் வாசித்தார். நாலாக மடித்து ரவிக்கைப் பையில் வைத்துக்கொண்டார்.

"என் சாறு நாறலன்னு அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டுட்டீங்க. ரொம்ப சந்தோஷம். எனக்கே அது இத்தன நாளா தெரியாது." வாசல் வரை போய்த் திரும்பினார். "ஆனா நாப்பத்தொரு கடுதாசி வந்திருக்குல்ல? நான் நாறலன்னா, அப்ப நாறுறது யாரு?"

"நிகழ்ச்சி நிரலில் இல்லாத கேள்வி" என்று நான் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

ஆனால் புகார் என்று வந்துவிட்டால் மூலத்தைக் கண்டறிந்து எழுத வேண்டும் என்பது விதி. அதுவும் அதே பாழாய்ப்போன புத்தகத்தில்தான் இருந்தது. எனவே பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை, 'நாற்ற மூலம் கண்டறியும் துணைக் குழு' நீலமுத்துவில் ஓடையைப் பார்த்த வழக்கமான ஜன்னலோர மேசையில் கூடியது. டாக்டர் வியெனும் வந்திருந்தார். அவர் தங்கியிருந்தது உள்பக்கத்துக் குளிர்சாதன அறை. இந்த ஜன்னல் பக்கம் அவர் உட்காருவது இதுதான் முதல் முறை.

கணவாய் வந்தது. நண்டு வந்தது. நடுவில் பீங்கான் கிண்ணத்தில் வெண்முகில் வந்தது. எல்லோரும் அதை மரியாதையோடு பார்த்தார்கள். யாரும் தொடவில்லை.

"யாரு கொண்டாந்திருக்கீங்க?" என்று தலைவர் பொதுவாக, ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

தோவா கைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். அதே நேரத்தில் கியெட்டின் சட்டைப் பையிலிருந்து ஒன்று வந்தது. மற்ற இருவரிடமிருந்தும் வந்தன. கடைசியாக என்னுடையதையும் வைத்தேன். எல்லாம் கரப்பான் சிறகு நிறம்.

அப்போது மேற்கிலிருந்து காற்று வீசியது. டாக்டர் வியென் கரண்டியைக் கீழே போட்டார். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். திரும்பியபோது அவர் முகத்தில் விஞ்ஞானம் எதுவும் மிச்சமில்லை.

"இதுதான்! இந்தக் குழாய்தான்! நேரா ஓடைக்குள்ள திறந்து விட்டிருக்காங்க! கக்கூஸ் சார், மொத்த விடுதியோட கக்கூசும்! அந்த அம்மாவோட சாறுல மீனு நாறுச்சு, ஒத்துக்கறேன், அது மீனு. இது... இதுக்குப் பக்கத்துல உக்காந்து எப்படி சார் சாப்பிடுறீங்க?"

"எந்தக் குழாய்?" என்றார் தலைவர்.

"கீழ இருக்கே!"

"அது நீர் அலங்காரம்," என்றார் கியெட், நண்டுக் காலை உடைத்தபடி.

"மோந்து பாருங்க! ஒரே ஒரு தடவ மோந்து பாருங்க!"

துணைக் குழுவைக் குறை சொல்ல முடியாது. ஐந்து பேரும் எழுந்து ஜன்னலருகே வரிசையாக நின்றார்கள். நெஞ்சு நிறைய இழுத்துப் பார்த்தார்கள். நானும் இழுத்தேன்.

"நல்ல காத்து," என்றார் தலைவர்.

"கடல் காத்து," என்றார் தோவா. "எனக்கு ஒண்ணும் வரல."

ஐந்துக்கு ஐந்து. ஒரு மூக்கு மட்டும் எதிர்ப்பு. நாற்றத்தின் மூலம் கண்டறியப்படவில்லை என்றும், ஆலோசகர் 'மிகை முகர்வு' என்னும் நோயால் அவதிப்படுவதால் ஓய்வுக்காகச் சைகோனுக்குத் திருப்பி அனுப்பப்பட வேண்டும் என்றும் அறிக்கை எழுதினேன். டாக்டர் மறுநாள் காலைப் பேருந்தில் போனார். போகும்போது லுவா அக்காவிடம் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டார் என்று கேள்வி. பிளாஸ்டிக் பையில் ஏழு சுற்றுச் சுற்றிக் கொடுத்தாராம் அக்கா.

பதினெட்டாம் தேதி காலையில் எந்த வண்டியும் லுவா அக்காவின் முற்றத்துக்குப் போகவில்லை. இருபதாம் தேதி மாகாணக் குழு வந்தது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றியது. ஐந்து கையெழுத்துள்ள சான்றிதழையும் துணைக் குழு அறிக்கையையும் வாசித்தது. கைக்குட்டையை எடுத்துவிட்டுக் கை குலுக்கியது. 'நறுமண நகரம்' கேடயம் இப்போது எங்கள் கூட்ட அறையில் இருக்கிறது. லுவா அக்கா இன்னும் ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்; ஒன்பது தொட்டியும் பழுத்து, இந்த வருடத்து முதல் சாறு இறங்கிவிட்டது.

இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகும் ஒரே ஒரு சிறு சந்தேகம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. மீன்சாறு எங்கள் மூக்குக்குப் பழக நான்கு தலைமுறை ஆயிற்று. குழாய் வந்து பதினான்கு மாதம்தான் ஆகிறது. ஊரில் மற்றவர்களெல்லாம் ஓடைப் பாலத்தைத் தாண்டும்போது இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள். குழுவின் மூக்கு மட்டும் எப்படி இவ்வளவு வேகமாக முன்னேறியது?

பதில் கிடைக்குமா என்று பழைய 'கள ஆய்வு'ப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அறுபது வெள்ளிக்கிழமைகள். ஓடையைப் பார்த்த அதே ஜன்னல். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் 'வந்திருந்தோர்' என்றொரு பட்டியல். ஐந்து பெயர்கள், ஆறாவதாக என் பெயர்.

'அப்ப நாறுறது யாரு?' என்று வாசலில் நின்று லுவா அக்கா கேட்ட கேள்விக்கு விடை, அறுபது இடங்களில், வரிசை எண்ணோடு, என் சொந்தக் கையெழுத்தில் இருந்தது.